ஏலக்கா ஸ்டோர்ல காஞ்ச டர்போ பைப்பு

போன மாசம் எனக்கு இருந்தது ஒரே ஒரு சோலி. காருக்கு ஒரு பைப்பு செய்யணும்.

காரு டர்போ வச்ச பழைய டீசல் வண்டி. போடியில இருந்து குரங்கணிக்கு மேல மாமனார் தோட்டத்துக்கு ஏறுறதுக்குள்ள அதுக்கு மூச்சு முட்டிரும். டர்போவுக்குக் காத்து போற பைப்பைப் பெருசா மாத்துனா வண்டி பறக்கும்னு வீடியோவுல ஒருத்தன் சொன்னான்.

"இருக்குற பைப்புக்கு என்ன கேடு?"ன்னு கேட்டா எம் பொண்டாட்டி செல்வி.

எனக்கு ரோசம் வந்துருச்சு. நானே செய்றேன் பாரு!

மாமா தோட்டத்து ஷெட்டுல உக்காந்து, தெர்மாகோலை வளைவா அறுத்து, மேல கண்ணாடி நார்த்துணியச் சுத்தி, பெயிண்டு வாடை அடிக்கிற ரெசின் பசையைப் பூசுனேன். காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும்னு வீடியோக்காரன் சொன்னான். அவன் ஊர்ல வெயில் அடிக்குது. எங்க மலையில மழை. மறுநாளும் பலாப்பழப் பிசின் மாதிரி கையில ஒட்டுது!

"சூடான ரூம்ல வைங்க"ங்கிறான் அந்தப் பாவி.

சூடான ரூம்! மாமா அடுப்புச் சூட்டுல ஏலக்கா காய வைக்கிற ஸ்டோரு இருக்கே!

அங்கதான் ஒரு சின்னச் சிக்கல். எங் கொழுந்தியாளுக்குக் கல்யாணம். "பூமாலையெல்லாம் கெடையாது. பொண்ணு மாப்ளைக்கு எந்தோட்டத்து ஏலக்கா மாலைதான்"னு மாமா சம்பந்தி வீட்டுல மீசைய முறுக்கிச் சொல்லிட்டு வந்துட்டாரு. அதுக்குன்னு குண்டு குண்டாப் பச்சைக் காயாப் பொறுக்கி ஸ்டோர்ல காய வச்சிருந்தாரு. உள்ள யாரையும் விடமாட்டாரு.

அன்னைக்கு மாமா பத்திரிகை வைக்கத் தேவாரத்துக்குப் போயிட்டாரு.

ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், காய்க்கு என்ன நோகப் போகுதுன்னு பைப்பை மேல்தட்டுல காயோட காயா வச்சேன். கதவைச் சாத்துனேன். சாப்பிட்டேன். தூங்கிட்டேன்.

செல்விதான் எழுப்புனா. "ஏங்க, எவனாச்சும் வீட்டுக்குப் பெயிண்டு அடிக்கிறானா?"

வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடுனேன். கதவைத் தொறந்தா கண்ணு எரியுது! ரெசின் சூட்டுல எளகி, கீழ்த்தட்டுக் காய் மேல எல்லாம் சொட்டியிருக்கு. சொட்டாத காயை மோந்து பாத்தேன். அதுவும் பெயிண்டுக் கடை.

ஆனா ஒண்ணு சொல்லணும். பைப்பு சும்மா இரும்பாட்டம் காஞ்சிருந்துச்சு!

"வெரசா சன்னலைத் தொறங்க!"ன்னு கத்துனா செல்வி. தொறந்தேன். வாடை போகலை. அவ சாம்பிராணி போட்டா. இப்ப பெயிண்டு அடிச்ச கோயில் மாதிரி ஆயிருச்சு.

அந்நேரம் பாத்து ஜீப்பு சத்தம். மாமா!

பைப்பை முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன்.

மாமா உள்ள போனாரு. ஒரு காயை எடுத்து மோந்தாரு. இன்னொண்ணை எடுத்தாரு. என்னையப் பாத்தாரு.

"பின்னாடி என்ன மாப்ளே?"

"காருக்கு ஒரு பைப்பு மாமா…"

"இங்க கொண்டாங்க."

நீட்டுனேன். அதுல ஏழெட்டு ஏலக்கா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மாமா ஒண்ணைப் பிச்சுப் பாத்தாரு. வரலை. திருப்பிக் குடுத்துட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. திட்டியிருந்தாக்கூட நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

பக்கத்து எஸ்டேட்டுல, வாழ்க்கையில யார்கிட்டயும் கை நீட்டாத மனுசன், கெஞ்சிக் காய் வாங்கி மாலை கட்டுனாரு.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல பொண்ணு மாப்ளை கழுத்துல ஏலக்கா மாலை ஜம்முன்னு இருந்துச்சு. சம்பந்தி வீட்டாளுக மோந்து மோந்து பாத்தாக. அப்பாடா, மானம் தப்புச்சுன்னு நெனச்சேன்.

அப்ப மைக்குல மாமா குரல். "மூத்த மாப்ளைக்கு மரியாதை செய்யணும். மேடைக்கு வாங்க!"

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மன்னிச்சுட்டாருடா மனுசன்! பெரிய ஏலக்கா மாலையா எடுத்து எங் கழுத்துல போட்டாரு. எல்லாரும் கை தட்டுறாக.

மூச்சை இழுத்தேன். பெயிண்டுக் கடை!

கண்ணுல தண்ணி கொட்டுது. "பாசக்காரப் புள்ள"ங்குது ஒரு அம்மா.

"மாமா, கழட்டிக்கவா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

தோள்ல தட்டிக் குடுத்தாரு.

"இருக்கட்டும் மாப்ளே. ஒங்க ஒடம்புச் சூட்டுல இன்னும் கொஞ்சம் காயட்டும்."