போர்க்களத்தில் ஒரு சைட் விசிட்

இன்னும் வெளிவராத பொருளுக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் மும்பையில் இரண்டே வகைதான். ஃபிளாட் புக் செய்கிறவர்கள் ஒரு வகை, கேம் புக் செய்கிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்புக்கும் ஒரு பளபளப்பான வீடியோவைத்தான் காட்டுவார்கள். இரு தரப்பும் அதை அப்படியே நம்பும். என் மாமனார் முதல் வகை, நான் இரண்டாம் வகை. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கக் கூடாது என்று எங்களுக்கு ஜாதகம் பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாமாவுக்குத் தாராவியில் தோல் பைக் கடை. பல வருடங்களுக்கு முன்னால், பன்வேலைத் தாண்டி ஓரிடத்தில் கட்டப்போவதாகச் சொன்ன அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்டுக்குப் பணம் கட்டினார். வீடியோவில் நீச்சல் குளம், அதைச் சுற்றி வெள்ளைக்காரக் குழந்தைகள். பில்டர் சொன்னதில் இதுவரை நிறைவேறியிருப்பது நீச்சல் குளம் மட்டும்தான். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் தண்ணீர் நிற்கிறது. குழந்தைகளுக்குப் பதில் தவளைகள்.

அதற்குப் பிறகு எங்கள் செம்பூர் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கண்ணால் பார்க்காமல், கையால் தட்டாமல் எதற்கும் பணம் கட்டக் கூடாது. மாமா எதையும் தட்டித்தான் பார்ப்பார். தேங்காயைத் தட்டுவது நியாயம். அவர் ஃபிரிட்ஜைத் தட்டுவார், மெத்தையைத் தட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டினார். (என்னைத் தட்டவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.)

இனி என் பக்கம். வாஷியில் ஆபீஸ். கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் ஒரு கூட்டம். மாட்டுங்கா வித்யா, ஆண்டாப் ஹில் ரிஸ்வான், தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத அங்கித், நான். வேலை, கல்யாணம், ரயில் என்று ஆளுக்கொரு திசையில் போன பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஒன்றாக உட்கார்ந்து யாரையாவது சுடுவதுதான் எங்களுக்கு மிஞ்சியிருந்த உறவு. சுடுகிற சாக்கில் மேனேஜரைத் திட்டுவோம், அழுவோம், ஊர்க்கதை பேசுவோம். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் என் வாரம் நின்றுபோகும். உண்மையாகவே சொல்கிறேன்.

அப்போது ஒரு புதிய ஆட்டம் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. கைவிடப்பட்ட ஒரு நகரம். நான்கு நான்கு பேராகப் பல அணிகள் பாராசூட்டில் இறங்கி, கட்டடங்களுக்குள் ஒளிந்து சண்டை போட வேண்டும். நகரத்தைச் சுற்றி ஒரு விஷப்புகை வளையம் சுருங்கிக்கொண்டே வரும். புகையில் சிக்காமல், குண்டடி படாமல் கடைசிவரை நிற்கும் அணிக்கு வெற்றி. வெளியீட்டுக்கு முன்பே நான்கு பேர் சேர்ந்து பணம் கட்டினால் நிரந்தர அணி என்று ஒரு சலுகை. அப்புறம் ஐந்தாவது ஆள் உள்ளே நுழைய முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையோடு சலுகை முடிகிறது. மற்ற மூவரும் தயார். நான் பின்வாங்கினால் என் இடத்தில் உட்கார அங்கித்தின் ஆபீஸ் நண்பன் ஒருவன் காத்திருந்தான். அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிந்தது.

திருட்டுத்தனமாக வாங்கியிருக்கலாமே என்பீர்கள். என் கணவர் சரவணனைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அவர் வயிற்றில் சாம்பார் தங்கும், ரகசியம் தங்காது. போன தடவை நான் இப்படி முன்பணம் கட்டிய ஆட்டத்தில், வெளிவந்த அன்று எல்லா வீரர்களும் முழங்கால்வரை தரைக்குள் புதைந்து நின்றார்கள். அந்தச் செய்தி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மாமாவுக்குப் போய்விட்டது.

ஆகவே முறைப்படி போவது என்று முடிவுசெய்து, வெள்ளிக்கிழமை மாமா காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அறிமுக வீடியோவையும் போட்டுக் காட்டினேன். முழுதும் பார்த்தார்.

"அப்போ இன்னும் கெட்டி முடிக்கல."

"முடிச்சிட்டாங்க மாமா. கடைசி வேலை போயிட்டிருக்கு."

"பொசஷன் எப்போ? சாவி எப்போ தருவான்?"

"அடுத்த மாசம்."

"எல்லாப் பயலும் அடுத்த மாசம்னுதான் சொல்லுதான்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். புத்திசாலித்தனம் பொங்கியதால் மூடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லோரும் இலவசமாக உள்ளே போய் ஆடிப் பார்க்கலாம், வெள்ளோட்டம் விடுகிறார்கள் என்றேன். மாமாவின் முகம் அப்படியே மலர்ந்தது.

"அத மொதல்ல சொல்லாண்டாமா? சைட் விசிட்டு இருக்குன்னு. நானே பாக்கேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மாமா குளித்து, திருநீறு பூசி, வெளுத்த பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் இஞ்ச் டேப். (எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.) வித்யாவிடம் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மாமா நாலு சுவரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், நான் உட்கார்ந்துவிடுவேன் என்பது என் கணக்கு. ஹெட்போனை மாட்டிவிட்டு, எந்தப் பொத்தான் நடக்க, எது அடிக்க என்று சொல்லிக் கொடுத்தேன். நண்பர்கள் பேசுவது எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுவைத்தேன். அதுதான் என் கடைசி அதிகாரபூர்வப் பணி.

பாராசூட் தரை தொட்டது. மூன்று பேரும் துப்பாக்கி தேடி ஓடினார்கள். மாமா எதிரே இருந்த கட்டடத்துக்கு நடந்தார். சுவருக்கு அருகில் போய் நின்று முஷ்டியால் குத்தும் பொத்தானை அழுத்தினார். டொக், டொக் என்று சத்தம் வந்தது.

"செங்கல் இல்ல. பூரா அட்டை" என்றார்.

வித்யா பவ்யமாக, மாமா முதலில் துப்பாக்கியை எடுத்துக்கொள்வது நல்லது என்றாள். மாமா வாசலில் நின்று கதவு எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றுவதற்காகத் தெருவின் நடுவில் வந்து நின்ற அங்கித் அங்கேயே செத்தான். ரிஸ்வானின் குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவன் ஊர்ப் பாசத்தில் கத்தினான்.

"பெரியப்பா, பொறத்தால ஆளு நிக்கான்."

"இருடே. மாடிப்படி அகலம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சற்று நேரத்தில் ரிஸ்வானும் போனான். வித்யா ஒரு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குற்றுயிராகக் கிடந்தாள். மாமா குளியலறைக்குள் போய், காற்றோட்டம் இல்லை, நீர் போக வழியில்லை, இங்கே எவன் குளிப்பான் என்று உரக்க விமர்சனம் செய்துகொண்டிருந்தார். எனக்குக் காதுகள் கொதித்தன. பின்னால் கட்டிலில் உட்கார்ந்து தலையணையைப் பிசைந்தேன்.

இந்த ஆட்டத்தில் பக்கத்தில் இருக்கும் எதிரிக்கும் நாம் பேசுவது கேட்கும். அதை மாமாவிடம் சொல்ல மறந்திருந்தேன். குரலைப் பிடித்துக்கொண்டு ஓர் எதிரி ஹாலுக்குள் நுழைந்தான். மாமாவின் பிடரிக்கு நேராகத் துப்பாக்கி. மாமா சமையலறையில் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அங்கிள், என்ன செய்கிறீர்கள் என்று அவன் ஹிந்தியில் கேட்டான். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் தாராவி ஹிந்தியில் பதில் சொன்னார்.

"கர் தேக் ரஹா ஹூம், பேட்டா."

வீடு பார்க்கிறாராம். அந்தப் பையன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். தானும் தாணே பக்கம் ஒரு ஃபிளாட் புக் செய்யப்போவதாகவும், டோக்கன் கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு வாரமாகத் தூக்கமில்லை என்றும் சொன்னான்.

மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? அவனை நிற்கவைத்து ஆரம்பித்தார். கார்ப்பெட் ஏரியா எவ்வளவு சொன்னான், சாம்பிள் ஃபிளாட்டில் கட்டில் சிறியதாகப் போட்டிருப்பான், அளந்து பார், மழைக்காலத்தில் போய்ப் பார். பையன் தன் அணியையும் கூப்பிட்டான். ஆயுதம் தாங்கிய நான்கு பேர் ஹாலில் வரிசையாக நின்று சந்தேகம் கேட்டார்கள். மாமா சமையலறை வாசலில் நின்று ஒவ்வொன்றாகத் தீர்த்துவைத்தார். குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து வித்யாவும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

இதற்குள் விஷப்புகை சுருங்கிச் சுருங்கி அந்தக் கட்டடத்துக்கே வந்துவிட்டது. வந்த புகை ஹாலோடு நின்றது, மாமா நின்ற சமையலறை வாசலைத் தொடவில்லை. பாடத்தில் ஆழ்ந்திருந்த நான்கு பேரும், மிச்சமிருந்த ஒரே எதிரணி, ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசிப் பையன், "அங்கிள், ஸ்டாம்ப் டியூட்டி" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. திரையில் வாணவேடிக்கை வெடித்து, எங்கள் அணி வென்றதாக அறிவிப்பு வந்தது.

மாமா ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே போகிறார்களே, இது என்ன பழக்கம் என்று வருத்தப்பட்டார். அடுத்தது நான் ஆடட்டுமா என்று கேட்டேன். ரெண்டாவது மாடி இன்னும் பார்க்கவில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சரவணன் தலையில் கட்டிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. ஆட்டத்துக்குள் 'ஃபிளாட் அங்கிள்' எங்கே இருக்கிறார் என்று எதிரிகள் தேடித் தேடி வந்தார்கள், சுடுவதற்கு அல்ல. ஒருவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பில்டர் மூன்று தடவை தேதி மாற்றிவிட்டான் என்று தேம்பினான். மாமா அவனுக்கு ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் அணி இன்னொரு ஆட்டத்தை வென்றது. நான் சோற்றைப் பிசைந்து அவர் பக்கத்தில் வைத்தேன். வேறென்ன செய்ய?

மாலையில் ஹாலில் அத்தை, சரவணன் உட்படக் குடும்பம் கூடியது. மாமா அறிக்கை வாசித்தார். சாக்கடை வசதி இல்லை. மாடிப்படியில் கைப்பிடி இல்லை. அக்கம்பக்கத்தார் சரியில்லை, எந்நேரமும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வீடியோவில் காட்டியதைக் கட்டியிருக்கிறான்.

"சொன்னதச் செஞ்சிருக்கான். தைரியமா வாங்கலாம்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சட்டம் வந்த நாளிலிருந்து முன்பணத்துக்கு அனுமதி வாங்கிய முதல் ஆள் நான்தான். கார்டை எடுக்க அறைக்கு ஓடினேன். போன் அடித்தது. வித்யா.

"தப்பா எடுத்துக்காதடி" என்றாள். அப்படி ஆரம்பித்தால் தப்பாகத்தான் இருக்கும். "நீ நன்னாத்தான் ஆடற. ஆனா மாமா இருந்தா எங்கள யாரும் சுட மாட்டேங்கறா. இத்தனை வருஷத்துல நாம ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்கோமா, சொல்லு?"

ஜெயித்ததில்லை. அதுதான் வலித்தது. அங்கித்தின் ஆபீஸ் நண்பனிடம் இடத்தைப் பறிகொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மாமனாரிடம் பறிகொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சனிக்கிழமைகளில் நான் என்ன செய்வேன் என்று கேட்க நினைத்தேன். சரி என்று மட்டும் சொன்னேன்.

திரும்பினால் வாசலில் மாமா, கையில் அவருடைய கார்டு. ரிஸ்வான் அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டானாம்.

"செல்வி, இதுல எங்கன அமுக்கணும்?"

ஆன்லைனில் பணம் கட்ட அவருக்குத் தெரியாது. நானே உட்கார்ந்து அவர் பெயரை அடித்து, நானே எண்களைப் போட்டு, நான்காவது இடத்தில் நானே அவரைச் சேர்த்தேன். மாமா பின்னால் நின்று என் தலையைத் தடவினார்.

"நீ அவசரப்படாத, என்ன? வெளிய வந்தப்பொறம் நிதானமா பாத்து வாங்கு."

ஆட்டம் சொன்ன தேதியில் வெளிவந்தது. (மாமா பூசணிக்காய் உடைத்தார்.) சனிக்கிழமை சாயங்காலங்களில் என் நாற்காலியில் அவர், என் நண்பர்களோடு. வீட்டில் நான் என் மேனேஜரைத் திட்டுவதையெல்லாம் வித்யா அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். நானும் ஒரு பிரதியை, சட்டப்படி, வெளிவந்த பிறகு வாங்கினேன். ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாக நுழைந்தேன். ஊர்பேர் தெரியாத மூன்று பேரோடு என்னைச் சேர்த்துவிட்டது. இறங்கியதும் குண்டுமழை. கண்ணில் பட்ட முதல் வீட்டுக்குள் ஓடி, நேரே சமையலறையில் பதுங்கினேன்.

உள்ளே ஒரு குரல். "யாருல அது, அடுப்படிக்குள்ள செருப்போட?"

லேப்டாப்பில் ஒரு முறையும், பக்கத்து அறையிலிருந்து ஒரு முறையும் அது எனக்குக் கேட்டது. மாமா, நான்தான் என்று நான் கத்துவதற்குள், வாழ்க்கையில் முதல்முறையாக அவர் துப்பாக்கியைப் பயன்படுத்திவிட்டார்.

இன்று தாராவியில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் என் பக்கத்தில் உட்காரும் பெண்கள் குரலைத் தாழ்த்தி, உன் மாமனார் உன்னைச் சுட்டது நிஜமா என்று கேட்கிறார்கள். எனக்காகப் பதில் சொல்வது அத்தைதான். அதுவும் பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரி.

"செருப்போட அடுப்படிக்குள்ள போனா, அவிய சுடாம என்ன செய்வாவ?"