மலையைக் கீழே வைத்துவிட்டுப் பேசு

பூகோளம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் மட்டும் யாரும் வழி கேட்டுவிடாதீர்கள். உலகத்தில் எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று எங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். காலடியில் ஓடுகிற ஆற்றில் யார் விழப்போகிறார் என்று மட்டும் தெரியாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என்னோடு சேர்ந்து ஒரு அரசாங்க அதிகாரியும் பட்டார் என்பதுதான் வேதனை. (வேதனை அவருக்கு. எங்கள் வீட்டில் இன்றுவரை சிரிப்பாய்ச் சிரிக்கிறார்கள்.)

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில், கேமரன் மலையில், தானா ராத்தாவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் தேறி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளிலேயே இலக்கண சுத்தமாக மலாய் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தக் கர்வத்தில் வீட்டுப் பூனையைக்கூட மலாயில்தான் விரட்டுவேன். பூனை போகாது, அம்மா தமிழில் ஒரு அதட்டல் போட்டால் ஓடிவிடும்.

எங்கள் லைன் வீடுகளுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஆறு. ஆறு என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம், இடுப்பளவுத் தண்ணீர்தான். அதன்மேல் ஒரு பலகைப் பாலம். அதில் நடுப்பலகை உளுத்துப்போனது. அதை யாரும் மிதிக்கமாட்டோம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், "நடுப்பலகையைத் தாண்டு." மண்ணெண்ணெய் வாங்கப் போகிறவர், மாலையும் கழுத்துமாக வரும் மாப்பிள்ளை, பாடை தூக்குகிறவர் எல்லோரும் அந்த இடத்தில் மட்டும் ஒரு எட்டு அகலமாக வைப்பார்கள். யோசித்து வைப்பதில்லை, கால் தானாகப் போகும்.

அந்தப் பாலத்தில் ஆம்புலன்ஸ் வராது. மறுபக்கம் தொழிற்சாலை வழியாக ஒரு காட்டுப் பாதை உண்டு. தோட்டத்து மேனேஜர் துரையின் லேண்ட்ரோவர் மட்டும் அதில் முக்கி முனகி வரும். முந்தின வருஷம் பிரசவ வலி கண்ட ஒருத்தியைச் சேலையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை மெயின் ரோட்டில் பிறந்தது. இப்போது என் அக்கா நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாளை விரல்விட்டு எண்ணுவார்.

பாலம் கட்டித் தரச் சொல்லித் துரையைக் கேட்டால், "அது அரசாங்க நிலம்" என்பார். அரசாங்க ஆபீஸில் கேட்டால், "அது தோட்டத்து நிலம்" என்பார்கள். எல்லைக்கல் என்னவோ ஆற்றங்கரையில், எங்கள் பக்கத்தில்தான் நின்றது. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் அரசாங்கத்துடையது. ஆனால் அதை வந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

இந்த நிலையில்தான் புதிதாக ஒரு மாவட்ட அதிகாரி மாற்றலாகி வந்தார். கடற்கரைக்காரர். எங்கள் மாநிலத்தின் தலைநகர் கடலோரத்தில் இருக்கிறது. ஒரே மாநிலம்தான், ஆனாலும் அங்கே போக நாங்கள் மலையிறங்கி, தாப்பா வழியாக அடுத்த மாநிலத்துக்குள் புகுந்து, நாட்டையே அரைச் சுற்றுச் சுற்றவேண்டும். அப்பேர்ப்பட்ட தூரத்திலிருந்து வந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் குறை கேட்கிறார், அடுத்தது நாங்கள்தான் என்று சேதி வந்ததும் கங்காணி முத்தையா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"டீச்சரு, நீதான்லா பேசணும். பாலம் நம்ம எல்லையில இல்ல, அவங்க எல்லையில இருக்கு. அத மட்டும் அந்த ஆளு மண்டையில ஏத்திவுட்டுடு, போதும்."

அதை மட்டும் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் நான் யார்? பூகோள ஆசிரியை ஆயிற்றே! மாவட்டம் முழுவதையும் செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டேன். ரிங்லெட் ஏரிக்கு அம்மாவின் பித்தளைத் தட்டில் தண்ணீர். கியா பார்மில் நிஜமான முட்டைக்கோசு இலைகள். தானா ராத்தாவின் கடைகளுக்குக் காலித் தீப்பெட்டிகள். சாலைகளை அரிசி மாவால் கோலம் மாதிரி இழுத்தேன். எங்கள் தோட்டத்து எல்லையைச் சுற்றிச் சிவப்பு நூல். நூலுக்கு வெளியே, பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி, தீக்குச்சிகளை அடுக்கி ஒரு பாலம். நானே தள்ளி நின்று பார்த்து நாலைந்து முறை மெய்மறந்தேன்.

பாக்கி இருந்தது பிரிஞ்சாங் மலை. மைதா மாவில் உப்புப் போட்டுப் பிசைந்தேன். பூகோளப் புத்தகத்தில் உயரமான நிலத்துக்கு மஞ்சள் வண்ணம், ஆகவே மஞ்சள் தூளை அள்ளிக் கொட்டினேன். கூம்பாகப் பிடித்து ஒரு அலுமினியத் தட்டில் வைத்தேன். மேலே காடு இருக்கிறதே என்று கொஞ்சம் புல்லைச் சொருகினேன். சிகரத்தைக் காட்ட அம்மாவின் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு பொட்டு.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரிந்திருந்ததாம். எனக்கு மட்டும் புரியவில்லை. அவ்வளவு படிப்பு!

மறுநாள் காலை துரையோடு லேண்ட்ரோவரில் வந்து இறங்கினார் அதிகாரி. வெள்ளைவெளேர் என்று முழுக்கைச் சட்டை, கழுத்தில் மப்ளர். கடற்கரைக்காரர் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார். தோட்டத்து முகப்பிலேயே கங்காணி அவருக்கு ஒரு சாமந்தி மாலை போட்டார். நான் மலாயில் வரவேற்புரை ஆற்றிக்கொண்டே அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன்.

வாசலிலேயே சாம்பிராணி வாசம். உள்ளே ஒரே புகை. பெண்கள் கைகூப்பி நிற்க, நடுவில் என் பிரிஞ்சாங் மலை பூச்சரம் சூடி, விளக்கு வெளிச்சத்தில் தகதகத்தது. ரிங்லெட் ஏரியில் பூ மிதந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கேக்கிறா பாரு! ஏண்டி, பிள்ளையார் பிடிச்சி வெச்சிட்டு ஒரு வெளக்குகூட ஏத்தாம போயிட்ட. நல்ல காரியம் நடக்கிற நாளு. நாங்க வந்து பாத்ததால ஆச்சி."

"ஐயோ அக்கா, அது பிள்ளையார் இல்ல! மலை!"

"மஞ்சள்ல பிடிச்சி, புல்லு சொருகி, குங்குமமும் வெச்சிட்டு, மலையாம்ல மலை! கன்னத்துல போட்டுக்கடி மொதல்ல."

போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய? நான் மலைதான் பிடித்தேன், சத்தியமாக.

அதிகாரி நல்ல மனுஷர். ஏதோ எங்கள் வழிபாடு என்று நினைத்து, ஒதுங்கி மரியாதையாக நின்றார். புகை அடங்கியதும், "சிக்கு, பாலம் பற்றிச் சொல்ல வந்தீர்களே, அது எங்கே?" என்று மலாயில் கேட்டார். (மலாயில் ஆசிரியர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று நான் நிஜமாகவே சிக்கிக்கொண்டேன்.)

மேசையைப் பார்த்தேன். பாலம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. "தீக்குச்சிங்க எங்கக்கா?" என்று கிசுகிசுத்தேன்.

"கற்பூரம் ஏத்த நெருப்புக்குச்சி தேடினோம். அங்க இருந்த பொட்டியெல்லாம் காலி. நல்லவேள, நீ வரிசையா அடுக்கி வெச்சிருந்த."

பாலத்தை எடுத்து, தானா ராத்தாவில் உரசி, கொளுத்தியிருக்கிறார்கள்.

"சரி, தோட்டத்து எல்லையையாவது காட்டுங்கள்" என்றார் அதிகாரி. சிவப்பு நூலையும் காணோம். தேடிக்கொண்டே வந்த என் கண் அதிகாரியின் மாலையில் போய் நின்றது. சாமந்திகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு நூல் எட்டிப் பார்த்தது.

"எல்லை... துவானின் கழுத்தில் இருக்கிறது" என்றேன். (துவான் என்றால் மலாயில் ஐயா.)

அவர் குனிந்து மாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"பரவாயில்லை. எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்" என்று அதிகாரி கிளம்பிவிட்டார். எழுதி அனுப்புவதா! எங்கள் கங்காணி தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வாசலில் என் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா அவள் தோளைத் தடவிக்கொடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழக்கூட விடவில்லை லெட்சுமி அக்கா. "பூச பண்ணின பிள்ளையார அப்படியே போட்டுட்டுப் போவக் கூடாது. ஆத்துல கரைக்கணும். நீதான பிடிச்ச? நீயே தூக்கு" என்று என் தலையில் சும்மாடு கட்டி, தட்டோடு மலையை ஏற்றிவிட்டார். அதிகாரியின் காரோ அக்கரையில், மெயின் ரோட்டில் காத்திருந்தது. லேண்ட்ரோவரில் வந்த வழியே திரும்ப அவர் முதுகு சம்மதிக்கவில்லை. ஆகவே எல்லோரும் ஒரே வழியில் நடந்தோம். முன்னால் மலையோடு நான், பின்னால் அதிகாரி, அவருக்குப் பின்னால் தோட்டமே வந்தது.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குப் பட்டது. நடந்துகொண்டே ஆரம்பித்தேன். இந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எந்த ஏரியில் சேர்கிறது, மழைக்காலத்தில் எப்படிப் பெருகும் என்று மலாயில் அருவியாகக் கொட்டினேன். அவரும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாலத்தின் நடுவில் என் கால் தானாக அகலமாக எட்டு வைத்தது. ஆற்றின் ஆதியந்தமெல்லாம் சொன்னவள், நடுப்பலகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சடக்!

திரும்பினேன். "ம்" சொல்ல ஆளில்லை. பலகையில் ஒரு ஓட்டை. கீழே இடுப்பளவுத் தண்ணீரில் அதிகாரி நின்றிருந்தார். எங்கள் எல்லை மிதந்து ரிங்லெட் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் "ஐயோ" என்று கத்தியிருப்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது கரையில் நின்ற எல்லைக்கல். ஒரு கையால் மலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வகுப்பில் நீட்டுவது போல நீட்டி, கணீரென்று சொன்னேன்:

"துவான், அதோ பாருங்கள் எல்லைக்கல்! தோட்டத்து நிலம் அதோடு முடிகிறது. துவான் இப்போது விழுந்திருப்பது முழுக்க முழுக்க அரசாங்க நிலத்தில்!"

"அடிப் பாவி!" என்று கரையிலிருந்து அம்மா அலறினார். "மனுசன் தண்ணியில கெடக்கிறாரு, பாடம் நடத்துறியே! மலைய கீழ வெச்சிட்டுப் பேசுடி!"

அம்மா சொல் கேட்காதவள் என்று எனக்கு ஊரெல்லாம் பெயர். அன்று மட்டும் உடனே கேட்டேன். மலையைக் கீழே வைத்தேன். கீழே என்றால் ஆறு. ஆற்றில் யார் இருக்கிறார் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பிரிஞ்சாங் மலை நேராக அவர் நெஞ்சில் இறங்கியது. வெள்ளைச் சட்டை, மப்ளர், முகம், காது என்று ஒரு இடம் பாக்கியில்லை. நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி மஞ்சளாக நின்றார். லெட்சுமி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நல்லா கரைஞ்சிடுச்சி" என்றார்.

கங்காணியும் நாலைந்து பேரும் இறங்கி அவரைத் தூக்கிவிட்டார்கள். கம்பளி போர்த்தி, தேத்தண்ணி கொடுத்தோம். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தாலும் அவர் முதலில் கேட்டது, "அந்தப் பலகை இப்படி என்று உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"என் கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே தெரியும், துவான்" என்றார் கங்காணி. அவருக்கு அப்போது பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

அதிகாரி தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டார். "பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவன் நான். இவ்வளவு நனைந்ததில்லை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வேலை போச்சு, ஜெயில்தான் என்று நான் சோறு தண்ணியில்லாமல் கிடந்தேன். அம்மா வாய் ஓயாமல் திட்டினார். ஆனால் அடுத்த வாரமே மெயின் ரோட்டில் ஒரு லோரி நிறைய இரும்பும் மரமும் வந்து இறங்கின. அக்காவுக்கு நாள் நெருங்குவதற்குள் பாலம் எழுந்துவிட்டது. திறந்துவைக்க அதே அதிகாரி வந்தார், இந்த முறை கறுப்புச் சட்டையில். பாலத்தின் முனையில் நின்று என்னைக் கூப்பிட்டார். "சிக்கு, முதலில் நீங்கள் நடங்கள். கையிலும் தலையிலும் ஒன்றும் இல்லாமல்."

அக்காவுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் எங்கள் வாசலுக்கே வந்தது. நானும் அம்மாவும் கூட ஏறிக்கொண்டோம். பாலத்தின் நடுவில் வண்டி வந்ததும், அத்தனை வலியிலும் அக்கா, "நடுப்பலகை! நடுப்பலகை!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். அவர் பயந்துபோய் பிரேக் போட்டார். தானா ராத்தா ஆஸ்பத்திரியில், கட்டிலில், பத்திரமாகப் பிறந்தான் பையன். என்ன பெயர் வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. கணேசன்தான்.

இன்று அவன் காய்கறி லோரி வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. நான் பணி ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் ஒரு விழா வைத்தார்கள். மேடையில் ஏறினேன். மாவட்டத்தின் நில அமைப்பில் தொடங்கி, மலைகள், ஆறுகள் என்று போய், மக்கள், நிர்வாகம் என்று விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது போலிருக்கிறது. பின்வரிசையிலிருந்து அந்தக் கடன்காரன் குரல் வந்தது.

"சின்னம்மா, மலைய கீழ வெச்சிட்டுப் பேசுங்க!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாவட்ட அதிகாரி புதியவர், சின்ன வயசு, ஒன்றும் புரியாமல் விழித்தார். ஆனாலும் சட்டென்று நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.