கடலைப் பட்டினி போட்ட பம்ப் அண்ணாச்சி

அந்தமானில் கடலைக் கடந்து வந்தவர்கள் உண்டு, கடலில் விழுந்து பிழைத்தவர்களும் உண்டு. கடலையே பட்டினி போட்டவர் எனக்குத் தெரிந்து பம்ப் அண்ணாச்சி ஒருவர்தான்.

மரைன் ஹில்லில் நான் பெருக்கித் துடைக்கும் லாட்ஜில் அவர் மோட்டார் பார்ப்பவர். தூத்துக்குடிக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மோட்டார் ஓடும்போது சுவரில் காதை வைத்து, "இன்னிக்கு இவளுக்குச் சளி" என்பார். சாயங்காலம் மோட்டார் நின்றுவிடும்.

போன வருஷம் வரவேற்பறையில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைக்க முதலாளிக்கு ஆசை வந்தது. ஜன்னலைத் திறந்தாலே கடல்.

"பெறகு எதுக்கு உள்ளேயும் ஒண்ணு?" என்று கேட்டேன்.

"அந்தக் கடலுக்கு மூடி கெடையாதுல்லா, அக்கா" என்றார் அண்ணாச்சி.

தொட்டியில் பம்ப் இருந்ததால் பொறுப்பு அவருக்கு வந்தது. துறைமுகத் தண்ணீரில் டீசல் இருக்கும் என்று மெயின்லேண்டிலிருந்து கப்பலில் உப்பு வரவழைத்தார். நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில், வாளியில் உப்புக் கரைத்துக் கடல் செய்த மனிதர். அதில் ஆரஞ்சுச் சட்டையில் வெள்ளைப் பட்டை போட்ட மாதிரி இரண்டு மீன்கள். பெரியது மேடம், சின்னது சார். அவர் வைத்த பெயர்தான்.

மூன்றாம் வாரம் மணலில் காப்பித்தூள் தூவியதுபோல் பாசி வந்தது. "புதுத் தொட்டிக்கு இது பல்லு மொளைக்கிற மாதிரி, தானா போயிரும்" என்றார். போகவில்லை. பச்சையாகிக் கண்ணாடியெல்லாம் கீரை மசித்து அப்பியதுபோல் ஆனது. பிறகு அதற்கு முடியும் முளைத்தது. பாசி தின்ன நத்தை வாங்கி விட்டார். அதில் ஒன்று மூடி இடுக்கு வழியாக ஏறி வெளியே வந்து மேனேஜர் செருப்புக்குள் குடியிருந்தது. மேனேஜர் போட்ட சத்தம் படகுத்துறை வரை கேட்டிருக்கும்.

முதலாளி வந்து பார்த்தார். "நான் மெயின்லேண்ட் போய்ட்டு வர்றதுக்குள்ள இது தெளியணும். இல்லைன்னா இதைத் தூக்கிட்டு சோபா போட்டுரு."

"மீனு, முதலாளி?"

"கடல்ல விடு."

அவர் போனதும் அண்ணாச்சி என்னிடம், "தொட்டியிலயே பொறந்ததுக, அக்கா. ஓடி ஒளியத் தெரியாது. ஒரு பொழுது தாங்காது" என்றார்.

அன்றிலிருந்து விசாரணை. முதல் குற்றவாளி வெயில். ஜன்னலுக்குப் படுதா போட்டார். அடுத்தது குழாய்த் தண்ணீர். அதை நிறுத்தி மழைத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினார். அப்புறம்தான் மனிதர்கள். யாரோ திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள் என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்து முகர்ந்தார். வங்காளிச் சமையல்காரர் தாதா குதித்தார்.

"அரே பாய், மீன் வெட்டின ஹாத்! மீன் வாசனை வராம குலாப் வாசனையா வரும்?"

என் கையை மட்டும் அண்ணாச்சி முகரவில்லை. வயதுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

என் முந்தானையில் பொரி இருந்தது. தெப்பக்குளத்து மீனைப் பார்த்துவிட்டுப் பொரி போடாமல் திரும்புவது எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லை. அண்ணாச்சி நாளுக்கு ஒரு சிட்டிகைதான் போடுவார். பார்க்க எனக்கே பசிக்கும். அதனால் துடைக்கும்போது ஒரு பிடி போட்டுவிடுவேன். அதற்கும் பாசிக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் அண்ணாச்சி தொட்டியை வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினார். "மூணு நாள் வெளிச்சமும் இல்ல, தீனியும் இல்ல." புதிதாக வந்திறங்கிய ஒரு பயணி, யாரோ போய்விட்டார்கள் என்று அதன் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மத்தியானம் தாதா சாப்பாடு கொண்டுவந்தால் அண்ணாச்சி தட்டைத் தள்ளிவிட்டார்.

"அதுகளைப் பட்டினி போட்டுட்டு நா மட்டும் எப்படித் திங்கிறது?"

மூன்று நாளும் பால் விடாத கட்டஞ்சாயா மட்டும். மூன்றாம் நாள் மோட்டார் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொரியைப் பின்பக்கத்துக் கோழிகளுக்குப் போட்டேன்.

விரிப்பை எடுத்தபோது பாசி வெளுத்துத் தொங்கியது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார், பாதித் தண்ணீரை மாற்றினார். முதலாளி வந்த அன்று தொட்டிக்குப் பின்னால் இருந்த நாள்காட்டியில் தேதி தெரிந்தது. மேடமும் சாரும் கொழுகொழுவென்று இருந்தார்கள்.

"என்ன கோளாறு?" என்றார் முதலாளி.

"தீனி கூடிப்போச்சு, முதலாளி. மிச்சம் அழுகிப் பாசிக்கு உரமாயிட்டு. எனக்குக் கை பெருசு."

அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். முதலாளி போனதும் நான் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"பில்டர் பஞ்சக் கழுவுறவன் நாந்தானே, அக்கா? தெனமும் உங்க முந்தானைப் பொரி வந்துச்சு."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"சொன்னா நீங்க அந்தப் பக்கமே வரமாட்டீக. அதுகளோட நின்னு பேசுற ஆளு நீங்க ஒருத்திதான். அதனாலதான் ஒண்ணும் சொல்லாம துணியப் போட்டு மூடுனேன்."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டேன். மாடிப்படி துடைக்க வேண்டியிருந்தது.

இப்போது அண்ணாச்சி கண் ஆபரேஷனுக்கு மெயின்லேண்ட் போயிருக்கிறார். தீனி டப்பாவை மேனேஜரிடம் கொடுக்கவில்லை, என்னிடம்தான் கொடுத்தார். நாளுக்கு ஒரு சிட்டிகை. யாராவது பிஸ்கட்டோடு தொட்டிப் பக்கம் வந்தால் துடைப்பத்தைத் தூக்குகிறேன். கண்ணாடியைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் துடைக்கிறேன். புதுக் கண்ணோடு வருகிற மனிதர் முதலில் பார்க்கப்போவது அதைத்தானே.