ரெண்டு கிளப் என்றால் என்ன அர்த்தம்?

நோர்வூட்,
ஞாயிறு மாலை.

பாசமிகு விஜிதரன் அண்ணனுக்கு,

தங்கை ஜீவராணி வணக்கத்துடன் எழுதுவது. கொழும்பில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே பனியைத் தவிர ஒரேயொரு குறைதான். அது நீங்கள் அனுப்பியது.

பிரிட்ஜ் சீட்டாட்டம் பழகத் தொடங்கிய எங்களுக்கு, ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் கன்வென்ஷன் புத்தகம் எதற்கு அண்ணே? உங்கள் மச்சான் எதையும் நேராகச் சொல்கிறவரா? "தேத்தண்ணி குடிச்சிட்டியா?" என்றால் தனக்கு ஊற்ற வேண்டும். "மழ வர்ற மாதிரி இருக்கே" என்றால் நான் எழுந்துபோய்க் கொடித்துணியை எடுக்க வேண்டும். இருபது வருஷமாக அகராதி இல்லாமல் சமாளிக்கிறேன். பிரிட்ஜில் கையில் ஹார்ட்ஸ் இருந்தால் ஹார்ட்ஸ் என்று வாய் திறந்து ஏலம் கேட்டாக வேண்டும். வாரத்தில் ஒரு மாலையாவது இந்த மனுஷன் உள்ளதைச் சொல்வாரே என்றுதான் நானும் விளையாடப் போனேன்.

அதில் மண் விழுந்தது. இப்போது இவர் "ஒரு நோ ட்ரம்ப்", அதாவது துருப்பே வேண்டாம், என்றால் நான் "ரெண்டு கிளப்" என்கிறேன். என்னிடம் கிளப்ஸ் இருப்பதாக அர்த்தமில்லையாம். 'உங்களிடம் ஹார்ட்ஸோ ஸ்பேட்ஸோ நாலு உண்டா?' என்று கேட்கிறேனாம். ஹார்ட்ஸ் இருந்தால் அவர் "ரெண்டு ஹார்ட்ஸ்" என்று பதில் சொல்ல வேண்டும். போன வாரம் மறந்துபோய் "பாஸ்" என்றார். ஏலம் அதோடு முடிந்தது; என் கையில் ஒரேயொரு கிளப், அதுவே துருப்பு. நாங்கள் விளையாடும் தேயிலைத் தோட்டத்து ஸ்டாப் கிளப்பே சிரித்தது.

"நீ கிளப் இருக்குன்னுதானே சொன்ன?"

"சொல்லலங்க, கேட்டேன்."

"கேக்குறவ கேள்வி மாதிரி கேக்கணும்ல?"

சொல்வது யார் பாருங்கள்!

இன்று போட்டி. எதிரே தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கஸ்பரும் மனைவி ஜெரோமியும். அவர்களும் புதியவர்கள்தான். இருப்பதைச் சொல்வார்கள், ஜெயிப்பார்கள். ஏலத்தின் நடுவில் இவர் ஜன்னலைப் பார்த்து, "மழ வர்ற மாதிரி இருக்கே" என்றார். அண்ணே, என் கால் தன்பாட்டில் எழுந்துவிட்டது. சீட்டெல்லாம் எல்லோருக்கும் தெரிய மேசையில் விரித்துப் போட்டுவிட்டு, துணி எடுக்கக் கதவுவரை போய்விட்டேன்!

"இது புத்தகத்துல எத்தனையாம் பக்கம் டீச்சர்?" என்று என்னைக் கேட்டார் கஸ்பர்.

"சும்மா இருங்க, அது அவங்க குடும்பத்துக் கன்வென்ஷன்" என்றார் ஜெரோமி.

எங்களைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். இவரோ, "நான் மழையத்தான் சொன்னேன்" என்று சத்தியம் செய்கிறார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மழை என்றால் மழை! அதற்கு நான் தயாராக இருக்கவில்லை.

வீட்டில் இப்போது பேச்சே இல்லை. ஆகவே, புதியவர்களுக்குக் கன்வென்ஷன் வேண்டாம், காலைப் பெரட்டில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணுவதுபோல முதலில் சீட்டை எண்ணப் பழகுங்கள் என்று உங்கள் மச்சானுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் கையில் எப்போதும் ஏஸ் விழட்டும்.

தங்கை,
ஜீவராணி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் இவர் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து நின்றார். தானே ஊற்றியது. என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு கிளப்" என்றார். கொஞ்சம் காக்க வைத்துவிட்டு, "ரெண்டு ஹார்ட்ஸ்" என்றேன். போன் பண்ண வேண்டாம். புத்தகத்தின் இரண்டாம் பாகம் வந்திருந்தால் அனுப்பி வையுங்கள்.