லார்ஸ் வந்த வாரம் தெருவே பட்டு கட்டியது

எங்கள் பக்கத்தில் விருந்தாளி வீட்டுக்குள் நுழைந்ததும் "எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க" என்பார். காபியோடு ஏதாவது பலகாரமும் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். "சாப்ட்டுதான் வந்தேன்" என்றால் இலை போட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சொன்னதை அப்படியே நம்பி வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பினால், அடுத்த கல்யாணத்தில் பந்தி முடிகிறவரை நம்மைப் பற்றித்தான் பேச்சு. டென்மார்க்கில் இந்த வழக்கம் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு நல்ல மனிதருடைய பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன்.

அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனி ஆபீசில் டிரெயினியாக இருந்தேன். நாலு வரி இங்கிலீஷில் மெயில் அடிக்கத் தெரியும் என்பதால் எங்கள் ஊரான ஆரம்பாக்கத்தில் என்னைக் கையில் பிடிக்க முடியாது. ஷிப்ட் முடிந்ததும் ஸ்டேஷன் பக்கத்து இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளிநாட்டுப் பயணிகளைக் காசு வாங்காமல் வீட்டில் தங்கவைக்கிற குடும்பங்களுக்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. அதில் என் பெயரைப் பதிந்து, "கடலும் வயலும் சூழ்ந்த அமைதியான இல்லம்" என்று எழுதிவைத்தேன். (கடல் தெரியாது. கம்பெனி புகைபோக்கிதான் தெரியும்.)

பல மாதம் கழித்து லார்ஸ் என்பவரிடமிருந்து மெயில் வந்தது. போட்டோகிராபர், டென்மார்க்காரர். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் தொழிற்சாலை, நடுவில் வாழும் குடும்பங்கள் என்று ஒரு புத்தகத்துக்காக நாடு நாடாகப் போய்ப் படம் எடுக்கிறார். நாலு நாள் உங்கள் வீட்டில் தங்கலாமா, எனக்காகத் தயவுசெய்து எதையும் மாற்ற வேண்டாம், எப்போதும் இருப்பது போலவே இருங்கள் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. எவ்வளவு நாகரிகமாகக் கேட்கிறார், ஒன்றுவிடாமல் மாற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை எங்களுக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம். நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. வயலில் இருக்கும்போது அவர் உடுப்பு ஒரு கோடு போட்ட பட்டாபட்டி டிராயர், தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மழையோ வெயிலோ, சொந்தக்காரர்களோ சம்பந்திகளோ, யார் வந்தாலும் அதேதான். எனக்கோ அந்தப் பட்டாபட்டியைக் கண்டாலே உடம்பு கூசும். அது டென்மார்க்கில் அச்சாகி, அங்கே நாலு பேர் பார்த்து, இதுதான் இந்தியா என்று நினைத்துவிட்டால் என் மானம் என்ன ஆவது? கம்பெனியில் டை கட்டிக்கொண்டு போகிறவன் நான். (டை வாரத்துக்கு ஒரு நாள்தான், மேனேஜர் வருகிற அன்றைக்கு.)

வீட்டு முன்சுவருக்கு ஊதா டிஸ்டம்பர் அடித்தோம். பக்கத்து வீட்டு கமலா அத்தையின் ஃபிரிட்ஜைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தோம். அதைச் சொருக வேண்டிய பிளக் பாயிண்ட் சமையலறையில் இருந்ததால் அது குளிரவில்லை. காலியாக இருக்கிறதே என்று அம்மா அதற்குள் புளியையும் மிளகாயையும் அடுக்கிவிட்டாள். வெள்ளைக்காரர் என்ன சாப்பிடுவார் என்று அம்மா கேட்டதற்கு, பிரெட்டும் ஜாமும் என்று உலகம் சுற்றியவன் மாதிரி பதில் சொன்னேன்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலிலிருந்து லார்ஸ் இறங்கினார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம், நரைத்த தாடி, தோளில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா. ஷேர் ஆட்டோவில் அவரை மடித்து ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். வாசலில் நைனா கல்யாணத்துக்குப் போகிற ஜரிகை வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், பாக்கெட்டில் பேனா சகிதம் நின்றுகொண்டிருந்தார். அம்மா கல்யாணப் பட்டில் இருந்தாள், அந்துருண்டை வாசனை ரோடு வரை வந்தது. "குட் மார்னிங்" என்றார் நைனா. நான் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அடுத்து வந்த நாட்களில் சாயங்காலத்திலும் அதையே சொன்னார்.

மறுநாள் விடியும் முன்பே லார்ஸ் எழுந்து கேமராவோடு அடுப்படிக்கு வந்தார். எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் அவருக்கும் முன்பே எழுந்து, குளித்து, பவுடர் போட்டுத் தயாராக இருந்தோம். அம்மா பட்டுப்புடவையில், கழுத்து நிறைய நகையோடு வெங்காயம் அரிந்தாள். கேமரா திரும்பியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் கேமராவைத் தாழ்த்தினால் வெங்காயம் அரிவாள், தூக்கினால் நிமிர்வாள். அன்று சாம்பார் வர மதியமாகிவிட்டது.

வயலில் இன்னும் மோசம். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தோம். நைனா ஜரிகை வேட்டியோடு வரப்பில் ஏறி, கையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, கொடியேற்றத்தில் நிற்கிற மாதிரி நின்றார். லார்ஸ் பொறுமைசாலி. ஆட்கள் களைத்துப்போய் இயல்பாகிவிடுவார்கள், அதற்காகக் காத்திருப்பதுதான் தன் தொழிலே என்று என்னிடம் சொல்லியிருந்தார். வரப்போரம் உட்கார்ந்து காத்திருந்தார். எங்கள் நைனாவைக் களைக்கவைக்க டென்மார்க்கால் ஆகுமா? வெயில் உச்சிக்கு ஏறுகிறவரை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கடைசியில் லார்ஸுக்குத்தான் தலை சுற்றியது.

அதற்குள் தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஃபாரின்காரர் படம் எடுக்கிறார், புஸ்தகத்தில் வருமாம் என்று ஆளாளுக்குப் பீரோவைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கப் பட்டு, சாணி அள்ளப் பட்டு. யாரோ இரண்டு குழந்தைகளுக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டு எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவர், லார்ஸ் பாஸ்போர்ட் சைஸில் படம் எடுத்துக் கொடுப்பாரா என்று என்னிடம் தனியாக விசாரித்தார். லார்ஸ் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஆனால் கேமரா பட்டனை அவர் அழுத்தி நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் மொட்டை மாடியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். கோபமே இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. உங்கள் வீட்டில் என்னை ராஜா மாதிரி வைத்திருக்கிறீர்கள், ஆனால் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை என்றார். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு இந்தப் புத்தகத்தில் இறங்கியவராம். இந்த ஊர்தான் கடைசி, இது இல்லாமல் பதிப்பாளர் புத்தகத்தைப் போடமாட்டார், நாளை மதியம் நான் கிளம்ப வேண்டும் என்றார். பிறகு, நான் இல்லாதபோது உன் அப்பா என்ன உடுத்துவார் என்று கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கீழே கொடியில் பட்டாபட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "இதேதான் சார்" என்றேன்.

கீழே இறங்கிவந்து, அவருக்குத் திருப்தி இல்லை என்று வீட்டில் சொன்னேன். நாங்கள் செய்தது போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் புரிந்தது, எனக்கும்தான். நைனா மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "ஏன்டா, அந்தாளு இன்னாதான் கேக்கறாரு?" என்றார். குடும்பமாக ஒரு குரூப் போட்டோ எடுத்தால் சரியாகிவிடும் என்றேன். அதற்கு நான் மட்டும் சாதாரணச் சட்டையில் நிற்க முடியுமா? புதிதாகக் கல்யாணமான நண்பனிடம் போய், அவன் ரிசப்ஷனுக்குப் போட்ட மெரூன் கலர் கோட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். காலரில் பூவேலை, பட்டனெல்லாம் தங்கக்கலர்.

மறுநாள் காலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். தெருவும் பின்வரிசைக்குத் தயாராக வந்து நின்றது. லார்ஸ் பையைக் கட்டிவைத்துவிட்டு, எங்களுக்கு நினைவாக இருக்கட்டும் என்று ஒரு படம் எடுத்துத்தரச் சம்மதித்திருந்தார். நான் உள்ளே சட்டை, டை, கோட்டு எல்லாம் போட்டாயிற்று. பேண்ட் மட்டும் துணி தேய்க்கிற இஸ்திரிக் கடையிலிருந்து வரவேண்டியிருந்தது. இடுப்புக்கு அவசரத்தில் கையில் அகப்பட்டது நைனாவின் பட்டாபட்டி.

சொர்ணவாரிப் பருவத்து நெல் அறுத்து, அடித்து, எங்கள் நெல்லும் தெருவில் பாதிப்பேர் நெல்லும் தார்ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. கடல் பக்கமிருந்து மேகம் வந்ததை போட்டோ அவசரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. முதல் சொட்டு நைனாவின் வழுக்கையில் விழுந்தது.

அடுத்த நிமிடம் நாற்காலியெல்லாம் காலி. நைனா ஓடுகிற ஓட்டத்திலேயே கஞ்சிச் சட்டையைக் கழற்றி வேலியில் எறிந்தார், ஜரிகை வேட்டியையும் உருவி எறிந்தார். உள்ளே வழக்கமான பட்டாபட்டிதான் இருந்தது. (நான்கு நாளாக அதன் மேல்தான் வேட்டி கட்டியிருக்கிறார்.) அம்மா பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாறோடு ஓடினாள். கமலா அத்தை தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். கிருஷ்ணர்கள் இருவரும் கிரீடத்தோடு மழையில் குதித்தார்கள். சத்தம் கேட்டு நான் வெளியே வந்து, கோட்டு நனைந்தால் நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"டேய், நெல்லு நெனையுது, அங்க இன்னா பொம்ம மாதிரி நின்னுகினு கீற? வந்து பலகையப் புட்றா" என்று நைனா ரோட்டிலிருந்து கத்தினார்.

நெல்லை ஒரே குவியலாக ஒதுக்க ஒரு பலகை உண்டு. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தள்ளினோம். முகத்துப் பவுடர் கரைந்து வாய்க்குள் போனது, டை முதுகுப்பக்கம் போனது. நடுவில் ஒருமுறை நைனா நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தன்னுடைய டிராயரை அடையாளம் கண்டுகொண்டு, வேலையை விடாமலே சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

லார்ஸ் என்று ஒருவர் இருப்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். அவர் ரோட்டில் மண்டிபோட்டு, நனைந்து, படம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு கேமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தார்ப்பாயின் ஒரு நுனியைப் பிடிக்க வந்தார். "யோவ் லார்சு, அந்த மூலைய மெறிச்சிகினு நில்லுயா, காத்துல தூக்குது" என்று நைனா அதட்டினார். குட் மார்னிங் தவிர அவரிடம் நைனா பேசிய முதல் பேச்சு அதுதான். நான் மொழிபெயர்ப்பதற்குள் லார்ஸ் ஓடிப்போய் மூலையை மிதித்துக்கொண்டு நின்றார்.

நெல் தப்பித்தது. கோட்டு தப்பவில்லை. அன்றைக்கு நாஷ்டாவுக்கு வேறெதுவும் செய்ய நேரமில்லாமல், அம்மா பழைய சோற்றில் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். ஜாமைத் தொட்டும் பார்க்காமல் லார்ஸ் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, படம் கிடைத்துவிட்டது என்றார். எந்தப் படம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருடம் தபாலில் புத்தகம் வந்தது. எங்கள் ஊர்ப் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. பின்னால் புகைபோக்கி, சாய்ந்து பெய்கிற மழை, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிய பெண்கள். நட்டநடுவில் வெற்றுடம்போடு, வாயெல்லாம் சிரிப்பாக நைனா. அவர் பக்கத்தில் மெரூன் கோட்டும் கோடு போட்ட டிராயருமாக, முகமெல்லாம் வெள்ளைக் கோடு வழிய நான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டுக்கும் என் பெருமையைச் சொல்வதற்காக அம்மா அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். (பெண் சிரித்துவிட்டாள். அதனால்தான் கல்யாணமே நடந்தது என்று அம்மா சொல்வாள்.) நைனா மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு சட்டயாவது போட்டுகினு இருந்திருக்கலாம்" என்றார்.

நைனா போய்ச் சில வருடமாகிறது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது ஸ்டுடியோவில் எடுத்த வெள்ளைச் சட்டைப் படம்தான். அதில் இருப்பவர் யாரோ பெரிய மனிதர், எனக்கு அவரோடு அவ்வளவாகப் பழக்கமில்லை. எங்கள் நைனா லார்ஸின் புத்தகத்தில்தான் இருக்கிறார். நினைப்பு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன், சில நாள் அழுகையும் வந்துவிடும். அவரை மட்டும் தனியாகப் பெரிதாக்கி மாட்டலாம் என்று ஒருமுறை புத்தகத்தோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பேரும் ஒரே பலகைய புட்ச்சினு கீறீங்க. உங்கள எடுத்துட்டா அப்பா கையும் சேந்து போய்டும்" என்றான்.

முழுப்படத்தையும் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் யார் அந்தக் கோட்டு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஓடிவந்துவிடுவாள். "அது எங்க தாத்தாவோட டிராயரு. உள்ள இருக்கறது எங்கப்பா" என்பாள்.