ஜிம்மிக்குப் படிப்பித்த "இரு!"

ரீச்சர்மாருக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுகிற உயிரையெல்லாம் திருத்திவிடலாம் என்று நினைப்போம். எனக்கு அந்த வியாதி எவ்வளவு முற்றியிருந்தது என்பதை மல்லாவியில் ஒரு வைரவர் கோயில் சனம் முழுக்கப் பார்த்துவிட்டது. இனி மறைத்து என்ன?

நான் செட்டிகுளத்துப் பெண். கலியாணம் கட்டி மல்லாவிக்கு வந்தபோது (யாரும் கேட்காமலே) ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்தேன். பெயர் ஜிம்மி. வந்த கிழமையே மாமியின் செருப்பில் ஒன்றை வயலுக்குள் கொண்டுபோய்த் தொலைத்தது. காயப்போட்ட மிளகாயில் உருண்டுவிட்டு ஊரைக் கூட்டிக் கத்தியது. குசினிக்குள் புகுந்து மீன்சட்டியை நக்கியது. மாமி அதிகம் கதைக்கிறவர் இல்லை. அன்று கதைத்தார்.

"பிள்ளை, வைரவருக்கு வடைமாலை போடுற வெள்ளிக்கு முதல் உம்மட நாய் சொல்லுக் கேக்கவேணும். இல்லாட்டி உம்மட அப்பா வீட்டிலை கொண்டுபோய் விடும்."

"ஓம் மாமி," என்றேன். அந்தப் புது வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொந்தம் ஜிம்மிதான். (கணவர் இல்லையா என்று கேட்பீர்கள். மாமி கதைக்கத் தொடங்கினால் அவர் கைபேசிக்குள் தலையை விட்டுவிடுவார்.)

கைபேசி வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் நாய் பழக்கினார். மணியடி, சொல்லு, செய்தால் தின்னக் கொடு. இவ்வளவுதானா? மணி என்னிடம் இருந்தது, பின்னேரம் மாமரத்தடியில் நான் நடத்தும் ரியூசனுக்கு அடிக்கிற கைமணி. பிஸ்கற்றை ஜிம்மி மணந்து பார்த்துவிட்டுத் தள்ளியது. சந்தித் தேத்தண்ணிக் கடை உளுந்துவடையைக் காட்டினேன். அன்றிலிருந்து நான் சொன்னதெல்லாம் செய்தது.

மணியடித்தால் ஓடிவரும். "கை தா", "படு", "உருள்" எல்லாம் பாடம். "இரு!" மட்டும் எனக்கு அடிவயிற்றிலிருந்து வரும். அதைக் கேட்டு மாமரத்தடியில் நிற்கிற பிள்ளைகளும் டக்கென்று நிலத்தில் இருந்துவிடுவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணியும் வடையும் சேர்ந்து இன்னொரு இடத்திலும் இருக்கும் என்பது, கணிதம் படிப்பிக்கிற என் மண்டையில் ஏறவேயில்லை.

எங்கள் வளவுக்குப் பக்கத்தில், பாலைமரத்தடியில் நட்ட சூலம்தான் எங்கள் வைரவர். அந்த வெள்ளி மாமி விடியவே எழும்பி வடை சுட்டு மாலை கோத்தார். ஜிம்மியை வேலியில் கட்டிவிட்டுப் போனோம். மாலை சாத்தியாயிற்று. பூசாரி ஐயா மணியை எடுத்து அடித்தார்.

கடவுளே! அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, சனத்தின் கால்களுக்குள்ளால் புகுந்து வந்து, சூலத்துக்கு முன்னால் ஜிம்மி இருந்தது.

"வைரவற்றை வாகனமெல்லோ வந்திருக்கு!" என்று ஒரு அம்மா கத்தினார். எல்லாக் கைகளும் தலைக்கு மேலே போயின. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி நிற்கவில்லை. வடையும் வரவில்லை. தான் ஏதோ பிழை விட்டதாக ஜிம்மி நினைத்திருக்கவேண்டும், அடுத்த பாடத்துக்குப் போனது. கையைத் தூக்கியது. "கும்பிடுது!" படுத்தது. "விழுந்து கும்பிடுது!" உருண்டது. "ஐயோ, அங்கப்பிரதட்டை!" அந்த அம்மா அழுதேவிட்டார். உண்மை தெரிந்த நான் கூப்பிய கையை மெல்ல இறக்கினேன்.

படித்த பாடமெல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகும் வடை இல்லை. ஜிம்மி பாய்ந்து வடைமாலையைக் கவ்வி இழுத்தது. சூலம் ஆடியது. மாலை அறுந்து பாதி வடை மணலில் உருண்டது.

"இரு!" என்று கத்தினேன்.

இருந்தார்கள். பூசாரி ஐயா தீபத்தட்டோடு இருந்தார். அழுத அம்மா இருந்தார். என் கணவர் இருந்தார். புதுச்சேலையோடு மாமியும் மணலில் இருந்தார். ஜிம்மி மட்டும் இருக்கவில்லை. மிச்ச மாலையைக் கவ்விக்கொண்டு, என்னை முன்பின் தெரியாதது போலப் பார்த்து நின்றது.

"ரீச்சர், நாங்கள் எழும்பலாமோ?" என்று பூசாரி ஐயா மெல்லக் கேட்டார்.

சரி, நாய்க்குச் செட்டிகுளம்தான், எனக்கும் அதே பஸ்தான் என்று நினைத்தேன். அப்போது மாமி, இருந்த இடத்திலிருந்தே, சத்தம் போடாமல் சொன்னார்: "வை அதை."

ஜிம்மி வைத்தது! மாலையை அப்படியே வைத்துவிட்டுப் போய், மாமியின் மடியில் தலையைப் போட்டுப் படுத்துக்கொண்டது. நான் ஆவென்று பார்த்தேன்.

"மாமி... இது எப்பிடி?"

"நீர் பள்ளிக்கூடம் போனாப் பிறகு ஆர் அதைப் பாக்கிறது? மீன் பொரிக்கேக்கை குசினிக்கை என்னோடதான் நிக்கும். 'வை' எண்டா வைக்கும், 'போ' எண்டாப் போகும். மணியும் வேண்டாம், கிணியும் வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வடை ஆர் பழக்கினது?" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். "அப்ப... செட்டிகுளத்துக்குக் கொண்டுபோய் விடுறதோ மாமி?"

"ஆரை?" என்றார், ஜிம்மியின் காதைச் சொறிந்துகொண்டே.

இப்போது வடைமாலை நாளில், ஜிம்மியைக் கட்டியாயிற்றா என்று ஆளனுப்பிக் கேட்ட பிறகுதான் பூசாரி ஐயா மணியைத் தொடுகிறார். வீட்டுக்கு வருகிறவர்கள், வாசலில் அடக்கமாகப் படுத்திருக்கும் ஜிம்மியைப் பார்த்து, ஆர் பழக்கினது என்று கேட்பார்கள். மாமியிடம் பதில் தயாராக இருக்கும்.

"நாயைப் பழக்கினது நான். ஊர்ச்சனத்தைப் பழக்கினது என்ரை மருமோள்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இரும் பிள்ளை," என்று கதிரையைக் காட்டுவார். நான் டக்கென்று இருந்துவிடுவேன்.