பொன்னி அரிசியின் மேல் ஒரு யானை

திருவொற்றியூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

மரியாதைக்குரிய ஆண்ட்ரூ மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை தங்கபுஷ்பத்தின் கணவன் ஞானதுரை பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோருக்கும் காய்ச்சல், சளி எதுவும் இல்லை. உடன்குடியில் தாங்களும் மதினியும் அப்படியே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் பாதியில் தங்கள் தங்கை வாங்கிக்கொள்வாள், மீதியைத் தாங்கள் அவள் வாயால்தான் கேட்பீர்கள். ஆகவே மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான்: தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்த சகோதரன் என்ற உரிமையில், அவளிடமிருந்து அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு, என்ன வேண்டுமானாலும் கேள் என்று நான்தான் சொன்னேன். ஒரு ஜோடி வளையல் கேட்பாள் என்றிருந்தேன். 'மேக்ரோ லென்ஸ் வேணும்' என்றாள். மகள் ஷிஜி அமெரிக்கா போகும்போது விட்டுப்போன கேமரா பீரோவில் சும்மா கிடந்தது அல்லவா, அதற்காம். எப்படியோ இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்து, ஆறு மாதமாக எனக்குத் தெரியாமல் படித்திருக்கிறாள். கேமராக் கடைக்குக் கூட்டிப்போனேன். பெரிய மலையையோ கடலையோ எடுக்கிற சாமான் என்று நினைத்து, இங்கே எண்ணூர் பக்கம் கப்பல் நல்லா வரும், அதுக்குத் தோதா குடுங்க என்றேன். விற்பனைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். 'சார், இது கப்பலுக்கு இல்ல, எறும்புக்கு' என்றார். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய பெண் எறும்பின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்பது மச்சான், எனக்கு விழுந்த முதல் அடி. அதற்குள் அவள் அவரிடம், எறும்பு மிரளாத தூரத்தில் நின்று எடுக்க அறுபது மில்லிமீட்டர் லென்ஸ் போதுமா, நூறு வேணுமா என்று விசாரிக்க, அந்த மனிதர் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

லென்ஸ் வந்ததும் வெளிச்சம் போதவில்லை என்று தொடங்கினாள். பொருளை நெருங்க நெருங்க வெளிச்சம் குறையுமாம், மூக்கு தெளிவாக இருந்தால் கண் மங்குமாம், கண் தெளிவாக இருந்தால் மூக்கு காணாமல் போகுமாம். முதலில் வளையம் மாதிரி ஒரு விளக்கு வாங்கினாள். அதை வைத்து எடுத்தால் ஈயின் கண்ணில் வட்ட வட்டமாகத் தெரிகிறது என்று அது மூலைக்குப் போனது. பிறகு கேமராவோடு சேர்ந்து மின்னுகிற ஃபிளாஷ் இரண்டு வந்தன. அந்த வெளிச்சம் முரட்டு வெளிச்சமாம், வெள்ளைத் துணி போட்டு வடிகட்ட வேண்டுமாம். போன மாதம் ஆலயத்தில் வேதம் வாசிக்க என் முறை. அவசரமாகக் கொடியிலிருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். முதுகில் சிலுசிலுவென்று காற்று பட்டது. புதிதாக மின்விசிறி போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அதிகாரம் முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். எனக்குப் பின்னால் பாடகர் குழு மொத்தமும் குலுங்கிக்கொண்டிருந்தது. சட்டையின் பின்பக்கத்தில் அரை அடிக்கு அரை அடி சதுரம் இல்லை, மச்சான்! வீட்டுக்கு வந்து கத்தினேன். 'முன்பக்கத்த நான் தொடலியே? மனுஷன் முன்பக்கமாத்தான வாசிக்கீய' என்றாள்.

இதையும் பொறுத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் கறிவேப்பிலை டப்பாவைத் திறந்தால் ஒரு சிலந்தி என்னை ஏறிட்டுப் பார்த்தது, குளிர்ந்தால் படத்துக்கு அசையாமல் நிற்குமாம், அதையும் பொறுத்தேன். வீட்டுக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஓயாது என்பது தங்களுக்குத் தெரியும். லாரி போனால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் படம் போச்சு. ஒரு ஈயை எடுக்க நாற்பது படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறாள், நடுவில் ஒன்று ஆடினாலும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே என்னை மாடியில் கைக்குட்டையோடு நிறுத்தினாள். லாரி வந்தால் நான் ஆட்ட வேண்டும். நான் வியாபாரிகள் சங்கச் செயலாளர், அறுபத்தொரு வயது. எர்ணாவூரில் இட்லிக்கடை வைத்திருக்கிற நம் வாடிக்கையாளர் கெங்கம்மா ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, 'இன்னா அண்ணாச்சி, ரயிலுக்குக் கொடி காட்டிகினு கீற?' என்று கேட்டது தெரு முழுவதும் கேட்டது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கத்துக்கு இது வெள்ளிவிழா வருடம். விழா மேடையில் கட்டுகிற பெரிய பேனருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டிலேயே படக்காரி இருக்கிறாளே என்ற பெருமையில், பொன்னி அரிசியைப் பளிச்சென்று ஒரு படம் எடுத்துக்கொடு என்று நானே கேட்டேன். இரண்டு வாரம் உழைத்தாள். படம் என் போனுக்கு வந்தபோது கடையில் கூட்டம், மூக்குக்கண்ணாடி மேலே வீட்டில். வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அதன்மேல் பழுப்பாக ஏதோ தெரிந்தது. அரிசியும் உமியும் என்று எடுத்துக்கொண்டு, அருமை என்று பதில் போட்டு, அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அது உமி இல்லை, மச்சான். வண்டு. அரிசி வண்டு.

விழா அன்று காலடிப்பேட்டை மண்டபத்தில் நானூறு பேர். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மகிழினி அம்மையார் சிறப்பு விருந்தினர், முதல் வரிசையில் இருக்கிறார். குத்துவிளக்கு ஏற்றியதும் திரையை விலக்கினார்கள். பன்னிரண்டு அடி அகலத்தில், நீளத் துதிக்கையோடு, உடம்பெல்லாம் குழி குழியாக, ஒரு அரிசி மணியின் மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அது நின்றது. கீழே கொட்டை எழுத்தில், 'அரிசி உதவி: ஞானதுரை ஸ்டோர்ஸ்.' மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. என் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பின்வரிசையிலிருந்து கெங்கம்மாவின் குரல் மட்டும் வந்தது: 'இன்னாடி இது, யானையா?' அந்த அமைதியை ரசனை என்று எடுத்துக்கொண்ட தங்கள் தங்கை, யாரும் கூப்பிடாமலே மேடை ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, 'மூக்குக்கு எடதுபக்கம் ஒரு லைட்டு, வாலுக்கு ஒண்ணு. இது செத்த வண்டு இல்ல, உயிருள்ளது. எங்க குடோன்ல இன்னும் நெறய இருக்கு' என்றாள்.

மச்சான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சங்கத் தேர்தலில் என்னை எதிர்த்து நின்ற எண்ணெய்க்கடை ஸ்டானிஸ்லாஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். கொடுத்த கையோடு அன்று சாயங்காலமே செயலாளரும் ஆனார்.

மறுநாள் காலை மகிழினி அம்மையார் குடோனுக்கு வந்துவிட்டார். உரிமம் போயிற்று என்று நான் சுவரோரமாக நின்றேன். தங்கபுஷ்பம் ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே மூட்டை மூட்டையாகப் போனாள். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் அரிசியைக் கொட்டிக்கொட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஒழுகுகிற சுவரை ஒட்டிக் கிடந்த ஒரே ஒரு மூட்டையில்தான் வண்டு. அதை அப்புறப்படுத்தி, மற்றவற்றைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகைமேல் அடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அதோடு விட்டாரா? 'சார், இந்தச் சுவர் ஒழுகுறது உங்களுக்குத் தெரியல. உங்க மிஸஸ் வண்டோட மூக்குல ஈரம் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க' என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். போகும்போது அவளிடம் லென்ஸ் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கெங்கம்மா வந்து நின்றாள். கணக்கை முடித்துக்கொள்ள வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். 'மருந்து அட்ச்ச அரிசில வண்டு நிக்குமா அண்ணாச்சி? உன் அரிசில அது சோக்கா போஸ் குட்த்துகினு கீது. இனிமே எனக்கு இங்கதான்' என்றாள். இப்போது கொருக்குப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. வருகிறவர்கள் கேட்கிற விலாசம்தான் தாங்கவில்லை: 'வண்டு அண்ணாச்சி கடை எது?' தகப்பனார் பெயரில் ஒரு பேட்டை இருக்கிறது, தாத்தா பெயரில் ஒரு பள்ளிக்கூட மணி இருக்கிறது. எனக்கு வண்டு.

ஆகையால் தாமதிக்காமல் வரவும். மதினிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளை ஆண்டவர் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மீது மதிப்பு மாறாத,
ஞானதுரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி மேலே போனேன். அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு படம் திறந்திருந்தது. பாளம் பாளமாக வெடித்த தரை, இடுக்குகளில் மஞ்சள் மண், நடுவில் நீளமாக ஒரு ஓடை. நன்றாக இருக்கிறதே, எந்த ஊர்க் குளம் என்று கேட்டேன். 'உங்க கட்டைவிரல்' என்றாள். நான் மத்தியானம் தூங்கும்போது எடுத்தாளாம், முப்பத்தெட்டு படம். மஞ்சள் மண் கடை மஞ்சள்தூள், ஓடை சணல் கயிறு அறுத்த தழும்பு. 'ஒரு தடவகூட அசையல நீங்க. லாரி போச்சு, அப்பவும் அசையல' என்றாள். என் விரலை இதுவரை நானே பார்த்ததில்லை, மச்சான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நகத்துப் பக்கம் வெளிச்சம் கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன். யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டாள். ஆகவே தாங்கள் வரவேண்டாம். நாளைக்கு என் காதை எடுக்கப்போகிறாளாம். அதற்குமுன் போய்க் காதோர முடியை வெட்டிக்கொண்டு வரட்டுமா என்றேன். நெஞ்சில் கைவைத்து அப்படியே நின்றுவிட்டாள். 'ஐயோ, அந்த முடிக்காகத்தான எடுக்கேன்!'